யாருக்குத் தெரியவந்தது என்று கேட்ட மருத்துவிச்சி

மூங்கில்மலைத் தோட்டத்து மழலைகளின் முதல் மூச்சுக்கு முன்னின்றவரே! மழையென்றும் மப்பென்றும் பாராமல் மலைப்பாதை ஏறி வந்தவரே! அன்போடு அரவணைத்த கைகளுக்கும் அச்சமின்றி ஐயுற்ற அறிவுக்கும் ஒருங்கே உரியவரே! அம்மையீர், மரியநாயகி அவர்களே, வணக்கம்!

நெடுங்காலச் சேவையை நிறைவு செய்து இந்த மார்கழியில் ஓய்வு பெறுகிறீர்கள். உங்களை நேருக்கு நேர் புகழ்ந்தால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகையால் உங்களைச் சற்றே அமரச் சொல்லிவிட்டு, உங்கள் கதையைச் சபையோருக்குச் சொல்கிறோம்.

சபையோரே! பிரசவம் பார்ப்பதில் அம்மையாரின் திறமை நீங்கள் அறிந்தது. இங்கே அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர் வாசிக்கக் கற்றுக்கொண்ட விதம்தான் பலருக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிப்பதைச் சொல்லவில்லை. அது கன்னியர் மடத்துப் பள்ளியிலேயே வந்துவிட்டது. அச்சில் வந்ததைக் கேள்வி கேட்டு வாசிப்பதைச் சொல்கிறோம். அது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது.

அதுவரையில் அச்செழுத்து அவருக்கு வேதம். அட்டனிலிருந்து பஸ்ஸில் வரும் பத்திரிகையை மாலையில் வைத்தியசாலை விறாந்தையில் உரக்க வாசிப்பார். கேட்டிருப்பவர்கள் யாராவது சந்தேகப்பட்டால், "பேப்பர்லயே போட்டிருக்காங்க, அப்புறம் என்ன?" என்று வாயடைத்துவிடுவார்.

ஓர் ஆடி மாதப் பெருமழையில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் மேல் மண் சரிந்தது. கோடிக் காம்பராவில் இருந்த கந்தப்பன் மண்ணுக்குள்ளேயே இறந்தார். அவருடைய மகள் சண்முகவடிவு அப்போது நிறைமாதக்காரி. ஆட்கள் அவளை இழுத்தெடுத்த இடத்திலேயே சாக்கை விரித்து, அம்மையார் பிள்ளையை வாங்கினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சில நாளில் பத்திரிகையில் செய்தி வந்தது. வழக்கம்போல் உரக்க வாசிக்கத் தொடங்கிய அம்மையாரின் குரல், "நிர்வாகம் முன்கூட்டியே எச்சரித்தும் தொழிலாளர்கள் லயத்தைவிட்டு வெளியேற மறுத்ததாகத் தெரியவருகிறது" என்ற இடத்தில் நின்றுவிட்டது.

யாரும் எச்சரிக்கவில்லை. மண் சரிந்ததற்கு முந்தின நாளிலிருந்தே அவர் சண்முகவடிவைப் பார்க்க அந்த லயத்திலேதான் இருந்தார்.

"யாருக்குத் தெரியவந்துச்சு?" என்று கேட்டார். பிறகு, தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா ஆயா காளியாயியிடம் மெல்லச் சொன்னார்:

"இத நான் கண்ணால பாத்தேன், அதனால பொய்யின்னு தெரியுது. பாக்காததையெல்லாம் இத்தன வருசமா அப்படியே நம்பிக்கிட்டில்ல இருந்திருக்கேன்!"

அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் எதையுமே நம்பவில்லை. அம்மைப்பால் குத்துவது பற்றிய சுகாதாரப் பிரசுரத்தைக்கூட மடித்து வைத்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் அம்மை கண்டபோது, குத்திய பிள்ளைகள் தப்பியதை நேரில் கண்டுவிட்டு வந்து, மடித்ததை விரித்துச் சுவரில் ஒட்டினார். "எல்லாத்தையும் நம்புறதும் எதையும் நம்பாததும் ஒரே சோம்பேறித்தனந்தான்" என்று அன்று சொன்னார். பிறகு இரண்டாவது பத்திரிகை ஒன்றையும் வரவழைத்தார். ஒரே செய்தியை இரண்டிலும் வாசித்து எதில் எது விடுபட்டிருக்கிறது என்று தேடுவார். "கூறப்படுகிறது", "நம்பப்படுகிறது" என்று வந்தால் அடியில் பென்சிலால் கோடிடுவார். மனத்துக்குப் பிடித்த செய்தியானால் இன்னொரு தடவை வாசிப்பார். பிடித்ததில்தான் சீக்கிரம் ஏமாறுவோம் என்பது அவர் கட்சி.

இது வெறும் பொழுதுபோக்காக இருந்திருந்தால் இங்கே சொல்லியிருக்க மாட்டோம்.

சில ஆண்டுகள் கழித்து, குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாவைச் செய்யும் ஒரு கம்பெனி எங்கள் வைத்தியசாலைக்கு இலவச டின்கள் அனுப்பியது. கூடவே வழவழப்பான தாளில், கொழுகொழு குழந்தைகளின் வர்ணப் படங்களோடு ஒரு கைநூல். வைத்தியசாலைக்குப் பொறுப்பாயிருந்த டிஸ்பென்சர் றோலண்ட் ஐயா அதை அம்மையாரிடம் கொடுத்தார்.

"கிளினிக் நாள்ல தாய்மாருக்கு வாசிச்சுக் காட்டுங்க, நாயகியம்மா. அடுத்த கிழமை கம்பெனி ஆள் கமெராவோட வர்றாரு. தொரைகிட்டயும் சொல்லியாச்சு."

அம்மையார் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு மறுநாள் வந்தார். "வைத்தியர்களால் சிபாரிசு செய்யப்படுகிறதுன்னு போட்டிருக்குங்க. எந்த வைத்தியர்னு இல்லீங்களே?"

"கம்பெனி போட்ட புத்தகம். அதச் சந்தேகப்பட நாம யாரு?"

"வாசிக்கிறவங்கதானுங்க."

பால்மாவை அவர் விஷம் என்று எண்ணவில்லை. தாயை இழந்த இரட்டைப் பிள்ளைகளை அவரே டின் பாலில் தேற்றியிருக்கிறார். கிளினிக் நாளில் கைநூலை அட்டை முதல் அட்டை வரை வாசித்தார். போத்தலையும் தண்ணீரையும் ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைக்க வேண்டும் என்று கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை எல்லாவற்றையும்விட உரக்க வாசித்தார். பிறகு, "இதுல என்ன சொல்லாம விட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

கைப்பிள்ளைக்காரி பேச்சியம்மா சொன்னாள்: "ஓசி டின்னு முடிஞ்சா என்ன செய்யிறதுன்னு போடலீங்களேம்மா. அதுக்குள்ள நம்ம பாலு வத்திப்போயிருமே."

குறிப்பிட்ட நாளில் கம்பெனிக்காரர் கமெராவோடு வந்தார். பிள்ளைக்காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பேச்சியம்மாவின் மகன் அழகனைத் தெரிந்தெடுத்தார். தோட்டத்திலேயே கொழுத்த பிள்ளை அவன்தான். அவன் மடியில் ஒரு டின்னை வைத்தார்.

"அந்தப் புள்ள இந்தப் பால ஒரு சொட்டும் குடிச்சதில்லீங்க" என்றார் அம்மையார்.

கம்பெனிக்காரர் சிரித்தார். "படந்தானே அம்மா? யார் வந்து கேக்கப்போறாங்க?"

"வேற தோட்டத்துல என்னய மாதிரி ஒருத்தி இந்தப் படத்தப் பாத்து, நம்பி, நாலு பேருக்கு வாசிச்சுக் காட்டுவா. அவளால ஒங்களக் கேக்க முடியாதுங்க. அதனாலதான் நான் கேக்குறேன்."

றோலண்ட் ஐயாவின் முகம் சிவந்துவிட்டது. "நாயகியம்மா, உள்ள போங்க" என்றார். அம்மையார் போகவில்லை. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். தம்மை நம்பியிருந்த விதவைத் தங்கையோடு எங்கே போவது என்ற யோசனை அப்போது வந்ததாகப் பின்னாளில் சொன்னார். இருந்தும் பேச்சியம்மாவின் பக்கம் திரும்பினார். "புள்ள ஒன்னோடது. நான் சொல்றேன்னு செய்ய வேணாம், அவரு சொல்றாருன்னும் செய்ய வேணாம். நீயே சொல்லு."

பேச்சியம்மா டின்னைப் பார்த்தாள்; கமெராவைப் பார்த்தாள். "இவன் எம்பாலு குடிச்சு வளந்தவன்னு படத்துக்குக் கீழ எழுதுவீங்களா ஐயா?"

அவர் கமெராவை மூடினார். அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதமே அம்மையார், கூரை ஒழுகும் குவாட்டர்ஸ் உள்ள, தோட்டத்தின் மலையுச்சிப் பிரிவான மேல்டிவிசனுக்கு மாற்றப்பட்டார். யாரால் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கட்டளையில் கையொப்பமிட்ட றோலண்ட் ஐயா இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறோம். அம்மையார் போனபின் தாய்மாருக்குக் கொடுத்த டின்களால் போத்தல் பால் குடித்து வயிற்றோட்டத்தோடு வந்த பிள்ளைகளை இரண்டு மழைக்காலம் அவரே பார்த்தார். பிறகு ஒருநாள் நடந்தே மேல்டிவிசனுக்கு ஏறிப் போனார். "அந்தப் புத்தகத்த மறுபடி வாசிச்சேன், நாயகியம்மா" என்றார்.

"கடைசிப் பக்கத்தையுமா?"

"கடைசிப் பக்கத்தையுந்தான். கீழ வந்துருங்க."

எஞ்சிய டின்கள் பால் சுரக்காத தாய்மாருக்கென்று அம்மையாரின் பொறுப்பில் வைக்கப்பட்டன.

அம்மையீர்! இனி உங்களிடமே பேசுகிறோம். எங்கள் தாதி சுகிர்தம் எழுதிய இம்மடலின் முதற்பிரதி நேற்று உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அதில், "தங்கள் கைபட்ட குழந்தை எதுவும் மாண்டதில்லை" என்று ஒரு வரி அழகாக அமைந்திருந்தது. நீங்கள் அதில் விரலை வைத்துச் சொன்னீர்கள்:

"இத எடுத்துரு, சுகிர்தம். செத்த புள்ளைங்களப் பெத்தவங்க நாளைக்கு சபையில ஒக்காந்திருப்பாங்க. அவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இத எப்படி வாசிப்ப?"

எடுத்துவிட்டோம், அம்மா. உங்கள் கையில் பல பிள்ளைகள் பிழைத்தார்கள். சிலர் பிழைக்கவில்லை. பிழைக்காத பிள்ளைகளின் வீட்டுக்கும் மறுநாள் காலையில் நீங்கள் போனீர்கள். யாரும் உங்களை அழைக்கவில்லை. கதவைத் திறந்தவர்கள் இந்தச் சபையில் இருக்கிறார்கள்.

உடல் நலமும் கண்ணொளியும் குறையாமல், தங்கையோடு நெடுங்காலம் நிம்மதியாக வாழுங்கள்!

இங்ஙனம்,
தங்கள் அன்பை மறவாத
வைத்தியசாலை ஊழியர்களும் பிள்ளைக்காம்பரா ஆயாமாரும்
மூங்கில்மலைத் தோட்டம், அக்கரப்பத்தனை
மார்கழி, 1963