ஒன்பதைக் கூட்டியிருந்தால்

— உடைஞ்சு போச்சு, யோகம். நேற்று உடைஞ்சது.

— என்ன உடைஞ்சது, பிலிப்பு? உங்கட வள்ளமோ? கெதியாச் சொல்லும். அம்மா கடையடியில நிக்கிறா, நயினாதீவுக்குப் போற லோஞ்சுப் படகும் வரப்போகுது.

— வள்ளமில்லை, மாதாவே. எண். உம்மடை ஐயா தந்த எண், 99400891. “இது வேறை எண்ணால பிரிபடுமோ படாதோ, சரியான மறுமொழியோட வா. வேதக்காரன், கிறிஸ்தவனெண்டு பாராமல் மகளைத் தாறன்” எண்டவரல்லே.

— நேற்றோ? நேற்றுத்தானோ கண்டுபிடிச்சனீர்?

— ஓம். ரெண்டால துவங்கினனான். மூண்டு, ஐஞ்சு, ஏழு எண்டு ஒவ்வொண்டாலயும் ரெண்டு தரம் பிரிச்சுப் பாத்தன். அப்பரோட வலைக்குப் போட்டு வந்தும் இருந்து பிரிச்சனான். ஒண்டரை வருஷம், யோகம். பத்தாயிரத்துக்குக் கிட்ட வந்திட்டன். பத்தாயிரத்தின்ரை வர்க்கமே இந்த எண்ணை விடப் பெரிசு, அதுக்கு மேல பாக்கத் தேவையில்லை. கடைசியா ஒரேயொரு எண் மிச்சம். பிரிபடாதெண்டு ஐயாவிட்டைச் சொல்ல, சேட்டும் தோய்ச்சுக் காயப்போட்டன். அந்தக் கடைசி எண்ணால, 9967 ஆல, பிரிச்சன். மிச்சமில்லாமல் பிரிபட்டிட்டுது.

— கீழயிருந்தோ துவங்கினனீர்?

— வேறை எங்கயிருந்து துவங்கிறது?

— ஒன்பதைக் கூட்டிப் பாக்கேல்லையோ?

— அதை ஏன் கூட்டுவான்?

— கூட்டினால் 99400900. அது 9970 இன்ரை வர்க்கம். ஒன்பது, மூண்டின்ரை வர்க்கம். வர்க்கத்திலயிருந்து வர்க்கத்தைக் கழிச்சால் எப்பிடி உடையுமெண்டு ஐயா எங்கள் ரெண்டுபேருக்கும் ஒரே வாங்கில இருத்தித்தானே சொல்லித்தந்தவர். மூண்டைக் கழிச்சால் 9967. கூட்டினால் 9973.

— பொறும். 9973 எண்டு நான் இன்னும் சொல்லேல்லை. உமக்கு எப்பிடித் தெரியும்?

— ஐயாவுக்குக் கண்ணில படலம். ஒருத்தரும் உடைக்க ஏலாத எண் ஒண்டு பெருக்கித் தா எண்டு என்னட்டைத்தான் கேட்டவர். நான் வேணுமெண்டே கிட்டக் கிட்ட இருக்கிற எண் ரெண்டை எடுத்துப் பெருக்கிக் குடுத்தனான். நீர் ஒரு பின்னேரத்துக்குள்ள கண்டுபிடிச்சுக்கொண்டு வருவீரெண்டு.

— அப்ப, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கக் கூடாதோ, யோகம்?

— நீர் மறுமொழியோட வருமட்டும் அந்த எண்ணையோ கலியாணத்தையோ பற்றி உம்மோட வாய் திறக்கிறதில்லையெண்டு நயினை அம்மன்ரை பேரில என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டார்.

— சரி, விடும். போனது போகட்டும். இப்ப மறுமொழி கையில கிடக்கு. நாளைக்கே அண்ணையையும் கூட்டிக்கொண்டு உங்கட வீட்டை வாறன். ஏன் அழுறீர்?

— வகுப்பில கணக்குக்கு முதலாம் பிள்ளை நீர். முதல் நாளே உடைச்சிட்டீர், என்னை வேண்டாமெண்டுதான் வராமலிருக்கிறீரெண்டு நினைச்சிட்டன். போன மாதம் ஐயா கொண்டுவந்த மாப்பிள்ளைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன், பிலிப்பு. நாளைக்கு அவையின்ரை வீட்டில தாலிக்குப் பொன்னுருக்கினம்.