மூணு நாட்டுக்கும் ஒரே கணக்காம்!

இல்ல, நீயே சொல்லும்மா! மூணு நாடு, மூணு கொடி, மூணு விதமான நோட்டு... கணக்கு மட்டும் ஒண்ணாம்! எங்கயாவது அடுக்குமா? அந்தப் பையைக் கொஞ்சம் நகத்திக்கோ, காலை நீட்டிக்கறேன். ஆங், அப்படித்தான்.

விசாவே வேணாம், சும்மா வாங்கன்னுதானே கூப்பிட்டாங்க? ஆறு மாசத்துல தொண்ணூறு நாள் இருந்துக்கலாம்னாங்க. சரி, இங்க ஒரு தொண்ணூறு, எல்லை தாண்டினா அங்க ஒரு தொண்ணூறுன்னு நான் நினைச்சுட்டேன். யாருதான் நினைக்க மாட்டா? இப்பப் பார்த்தா மூணும் கூட்டுக்குடும்பமாம். எந்த வீட்டுல உக்காந்து சாப்பிட்டாலும் ஒரே பானையிலதான் குறையுமாம். அட ராமா!

அதோ, இமிக்ரேஷன் ஆபீசரோட கண்ணாடி ரூமுக்குள்ள தலையைச் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காரே, அவருதான் எங்க வீட்டுக்காரர். ரெண்டு பாஸ்போர்ட்டையும் புடுங்கிக்கிட்டு, "நீ வாயைத் தொறக்காத, நான் பேசிக்கறேன்"னு போனார். போனவர் போனவர்தான்! நான் வாயைத் தொறக்கக் கூடாதாம்மா? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் இருந்தவ, வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் குடுத்தவ நானு. மூணு நிமிஷம் ஆச்சா, "டைம் முடிஞ்சுது சார்"னு நடுவுல பூந்து கட் பண்ணிடுவேன். எத்தனை காதலுங்க பாதியில நின்னுச்சோ, அந்தப் பாவம் வேற!

இன்னும் எவ்வளவு நேரம்... கதவுக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி நிக்கறா. அவ பொண்ணுக்கு நாளன்னிக்குக் கல்யாணம். அந்தக் குட்டி பேசக் கத்துக்கிட்டதே என்கிட்ட போன்லதான். "பெரியம்மா பக்கத்துல நிக்கலேன்னா நான் மண்டபத்துக்கே வரமாட்டேன்"னு சொல்லிட்டா. சொன்னா செய்வா, என்னை மாதிரியே பிடிவாதம். இந்தா, அவளுக்கு எடுத்த புடவையைப் பாரு. நல்லா இருக்குல்ல? இரு இரு, மடிப்பைக் கலைச்சுடாத.

எல்லாம் அந்த மனுஷன் குழப்பினதுதான். மொத நாட்டுல ஒரு கடற்கரை ஊரு. அங்க ஒரு நீச்சல் டீச்சர், சின்னப் பொண்ணு. எனக்குக் கணுக்கால் நனைஞ்சாலே அலறல் வரும், என்னைப் போய் மல்லாக்கப் படுங்கறா! தினமும் அவ கையைப் புடிச்சுக்கிட்டுத் தண்ணி குடிச்சேன். அப்பப் பார்த்து இவரோட அண்ணன் வழுக்கி விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டார். "வா, ரெண்டு பேரும் ஊருக்குப் போய் ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்"னு இவர் ஒரே நச்சரிப்பு. நானா போவேன்? "நீங்க போங்க, நான் இன்னும் ரெண்டு கிளாஸ்ல மிதந்துடுவேன்"னேன். ரெண்டு எங்க, ஒரு மாசமும் முழுங்கினேன். ஆனா மிதந்தேம்மா! அறுபத்திரண்டு வயசுல, கையை விட்டுட்டு, வானத்தைப் பார்த்துக்கிட்டு... சிரிச்சு சிரிச்சு மறுபடி முழுகிட்டேன்!

வந்துட்டார், வந்துட்டார். என்னங்க ஆச்சு? முத்திரை குத்திட்டாங்களா? நான் சொல்லலே! அப்ப கிளம்ப... என்னது? உங்களுக்கு மட்டுமா? நீங்க ஊருக்குப் போன நாளெல்லாம் உங்க கணக்குல மிச்சமா இருக்கா? அப்ப என்னோடது?

...மொத்தமும் தீர்ந்துடுச்சா?

கேட்டியாம்மா கூத்தை! நான் மிதந்துக்கிட்டே என் நாளையெல்லாம் தின்னு தீர்த்திருக்கேன். என்னை அடுத்த விமானத்துல நம்ம ஊருக்கே திருப்பி அனுப்பிடுவாங்களாம். ஐயோ, சிரிக்காத, எனக்கும் சிரிப்பு வருது... அழுகையும்தான் வருது, அது கெடக்கட்டும்.

என்னங்க சொல்றீங்க? நீங்களும் திரும்பி வர்றீங்களா? நல்லா இருக்கு! அன்னிக்கு நீங்க கூப்பிட்டீங்க, நான் வரலே. இன்னிக்கு நான் சொல்றேன், நீங்க வராதீங்க. போங்க, புடவையைப் புடிங்க. அந்தக் குட்டி பக்கத்துல என் எடத்துல நீங்க நில்லுங்க. மாலை மாத்தறப்ப உங்க போனை அவ காதுல வைங்க. பெரியம்மா பக்கத்துலதான் இருக்கான்னு சொல்லுங்க. விறைப்பா நிக்காதீங்க, கொஞ்சம் சிரிங்க!

போயிட்டார் பாவம், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே. ஏம்மா, உன்கிட்ட சார்ஜர் இருக்கா? குடு. நாளன்னிக்கு முழுக்க நான் லைன்லயே இருக்கப் போறேன். டைம் முடிஞ்சுதுன்னு எவ நடுவுல பூந்து கட் பண்றான்னு பாத்துடறேன்!