மூணு காலி, மூணு முழுசு

ஹலோ... ஆமா, நடீன்தான் பேசறேன். சொல்லுங்க ஹாலிஸ்... இல்ல இல்ல, தூங்கலை, மணி பத்தரை ஆகப்போகுது. சர்ச்சுல இருந்து சாப்பாடு கொண்டுவந்தாங்கல்ல, அந்தப் பாத்திரமெல்லாம் கழுவிக்கிட்டிருக்கேன். அடியில பேர் எழுதி ஒட்டியிருக்காங்க, பார்த்துத் திருப்பிக் குடுக்கணும்... ஆமா, வெண்டலை அடக்கம் பண்ணி அஞ்சு வாரம். சாப்பிட்டது நாலு, குப்பைக்குப் போனது மிச்சம். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க...

ஆர்வில்கிட்டயா? அதுக்குள்ள துப்பாக்கியைக் கழட்டிப் பார்த்துட்டாரா?... ம்... ம்... ஸ்பிரிங்?... சரி... சுட்டும் பார்த்தாரா. எத்தனை?... பன்னெண்டும் வெடிச்சுதா. ஒரு தடவைகூடச் சிக்கலை...

இருங்க. கையைத் துடைச்சுக்கறேன்.

ம், கேக்கறேன்... இல்ல, ஆர்வில் சரியாத்தான் பார்த்திருப்பார். நாப்பது வருஷமாத் துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்... வேண்டாம் ஹாலிஸ், வேற ஆள்கிட்ட கொண்டுபோக வேண்டாம். ஸ்பிரிங்ஃபீல்டு வரைக்கும் ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டு... வேண்டாம்னு சொல்றேன்ல. உங்க அப்பாவோட துப்பாக்கி நல்லாத்தான் இருந்துச்சு... எனக்கு எப்படித் தெரியும்னா...

எங்க இருக்கீங்க? வண்டியிலயா? ஓரமா நிறுத்துங்க... நிறுத்துங்க, நான் லைன்லயே இருக்கேன்...

ம். அன்னிக்குக் காலையில இருந்து சொல்றேன். வெண்டல் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டார். தட்டை அவரே கழுவி வச்சார். அப்புறம் துப்பாக்கியில இருந்த தோட்டாவெல்லாம் எடுத்துப் பக்கத்து ரூம்ல வச்சுட்டு வந்து, அடுப்பு மேல இருக்கற டைமரைத் திருகினார். தினமும் பண்றதுதான்... ஆமா, காலித் துப்பாக்கியை வச்சுத்தான் பழகினோம். வேற என்ன பண்றது? கம்பெனிக்காரன் எல்லாம் பெரிய துப்பாக்கிக்குத்தான் தோட்டா செய்யறான். பாக்கெட்ல போடற இந்தச் சின்னத் துப்பாக்கிக்கு எங்க கிடைச்சுது?

குறியா? இன்ஷூரன்ஸ் காலண்டர். அதுல ஏஜென்ட் சிரிச்சுக்கிட்டிருப்பான் பாருங்க, அவன் மூக்கு... அவனேதான். கூரை பறந்தப்போ ஃபோனை எடுக்காதவன்... சிரிங்க, பரவாயில்ல, எனக்கும் வருது. ஒவ்வொரு தடவை அழுத்தறப்பவும் வெண்டல் வாயாலயே 'டுமீல்'ம்பார். சின்னப் புள்ளை மாதிரி என்ன இதுன்னு திட்டுவேன். 'தோட்டாவைத்தான் நீ தரமாட்டேங்கறே, சத்தமாவது நான் போட்டுக்கறேன்'ம்பார்...

இருங்க, அதுக்குத்தான் வர்றேன். நான் ஸ்கூல்ல ரைஃபிள் டீம்ல இருந்தவ, தெரியும்ல. அந்த ரைஃபிள்ல ஒரு தடவை சுட்டா, நாமளே போல்ட்டுங்கற பிடியை இழுத்து விட்டாத்தான் அடுத்த தோட்டா ஏறும். அது என் கையில ஊறிப்போச்சு. உங்க அப்பாவோட துப்பாக்கியும் காலியா இருக்கறப்போ அதே மாதிரிதானே? விசையை ஒரு தடவை அழுத்தினா 'டிக்'. அவ்வளவுதான். மறுபடி அழுத்தணும்னா மேல்பாகத்தைப் பின்னால இழுத்து விடணும். அதனால அழுத்து, இழு, அழுத்து, இழுன்னு நான்தான் பழக்கினேன். வேகமா, வேகமான்னு விரட்டுவேன். முதல்ல அரை நிமிஷத்துல ஒம்போது பண்ணினார். அன்னிக்குக் காலையில பத்தொம்போது. கைதட்டினேன் ஹாலிஸ். சோப்புக் கையோட கைதட்டினேன்.

அப்புறம் ஆறு தோட்டாவையும் போட்டு, துப்பாக்கியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு, மீனுக்குப் போடற புழு லோடு வரும், தூண்டில்காரங்க வந்து நிப்பாங்கன்னு கடைக்குக் கிளம்பிட்டார். சாயங்காலம் நாலு மணிக்குக் கடையைக் கொள்ளையடிக்க அவன் உள்ள வந்தான்.

...ஆமா, ஷெரிஃப் ஆபீஸ்காரர் சொன்னதுதான். கவுண்டர் பக்கத்துல தரையில சுட்ட தோட்டாவோட காலி உறை மூணு, சுடாத முழுத் தோட்டா மூணு. துப்பாக்கி சிக்கியிருக்கணும், இல்லாட்டிப் பதட்டத்துல கை தடுமாறியிருக்கணும்னார். தம்பி பயந்துட்டான்னு நினைக்க உங்களுக்கு மனசு வரலை. அதனால சிக்கிடுச்சுன்னு எடுத்துக்கிட்டீங்க. ரெண்டும் இல்ல.

நெசத் தோட்டா போட்டுச் சுட்டா, துப்பாக்கியே பின்னால போயி அடுத்ததை ஏத்திக்கும், நாம இழுக்கவே வேண்டியதில்ல... உங்களுக்குத் தெரியும். வெண்டலுக்கும் புத்தியில தெரியும். கைக்குத் தெரியாது. சுட்டார், இழுத்தார், நல்ல தோட்டா ஒண்ணு வெளிய விழுந்துச்சு. சுட்டார், இழுத்தார், இன்னொண்ணு. மூணாவதும் அப்படியே, ஆறும் தீர்ந்துச்சு. தடுமாறின கை அவ்வளவு சரியா ஒண்ணு விட்டு ஒண்ணு பண்ணாது ஹாலிஸ். அவர் நடுங்கவே இல்ல. நான் சொல்லிக் குடுத்ததை அப்படியே பண்ணியிருக்கார். நாலாவது தடவை அழுத்தினப்போ...

'டிக்'னுதான் கேட்டிருக்கும். சமையல்கட்டுல கேக்கற மாதிரியே.

...

இருக்கீங்களா?... ம்... இல்ல, அப்படிச் சொல்லாதீங்க. எல்லாரும் அந்த மாதிரிதான் பழகறாங்க, நெசந்தான். ஆனா நடுவுல ஒரு தடவையாவது நெசமாச் சுட்டுப் பார்ப்பாங்க... தோட்டாவா?...

இருந்துச்சு.

ஒரு பெட்டி. அம்பது. விடிகாலையில வரிசையில நின்னு வாங்கினேன், ஆளுக்கு ஒண்ணுதான்னாங்க. ஆறை எடுத்துத் துப்பாக்கியில போட்டோம். மிச்சத்தை நான் மாவு டப்பாவுக்குப் பின்னால வச்சுட்டேன். தொடவே விடலை... ஆமா. கேட்டார். ரெண்டு தடவை கேட்டார். பிப்ரவரியில ஒரு தடவை. 'கல் குவாரிக்குப் போயி ஒரு பத்து சுட்டுட்டு வரலாம் நடீன், கையில அது எப்படி உதைக்கும்னே எனக்குத் தெரியலை'ன்னார். அவசரத்துக்கு இருக்கட்டும்னேன். ரெண்டாவது தடவை, அவர் இறந்த வாரம் திங்கக்கிழமை. அப்போ நான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கலை.

...

ஏன் இத்தனை நாள் சொல்லலைன்னா... அடக்கத்தன்னிக்கு நீங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நான் குடுத்த துப்பாக்கிதான் என் தம்பியைக் கைவிட்டுடுச்சு'ன்னீங்க. அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். மூணும் மூணும்னு சொன்னாங்களே, அப்பவே தெரியும். ஆனா நீங்க அந்தப் பழியைத் தூக்கிக்கிட்டப்போ என் தோள்ல கனமில்லாம இருந்துச்சு. அதான். உங்களுக்கு ராத்திரித் தூக்கம் வர்றதில்லைன்னு கேள்விப்பட்டேன். கேட்டுட்டு, அன்னிக்கு நான் தூங்கினேன். நல்லாத் தூங்கினேன்...

ஆமா... ஆமா... சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்... ஆமா... இல்ல, உங்க அம்மாவுக்கு நானே சொல்றேன். நீங்க சொன்னா என்னைக் காப்பாத்தற மாதிரி ஏதாவது மாத்திச் சொல்லிடுவீங்க... இல்ல? அப்படிச் சொல்ல மாட்டீங்களா... சரி. அதுவும் சரிதான்.

ஒண்ணு மட்டும். ஆர்வில் துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்தா ஏரியில தூக்கிப் போடறேன்னு சொன்னீங்களே, போடாதீங்க. அது உங்க அப்பாவோடது. அது ஒண்ணும் பண்ணலை. நீங்களும் ஒண்ணும் பண்ணலை...

ஞாயித்துக்கிழமை படகுத்துறைப் பலகையைச் சரி பண்ண வர்றேன்னு சொல்லியிருந்தீங்க... ம்... சரி... இல்ல, புரியுது... எப்போ வருவீங்கன்னு கேக்கலை. கேக்க மாட்டேன்... ம். பார்த்து ஓட்டுங்க. கண்ணைத் துடைச்சுட்டு அப்புறமா வண்டியை எடுங்க...

ஹாலிஸ்?... ஹலோ?...

பின்கதவுச் சாவி வெளிய இருக்கற கேஸ் சிலிண்டருக்கு அடியிலதான் இருக்கு. எடத்தை மாத்தலை.