இருமலுக்கு ஒரு மார்க்

டெல்லியில் துவாரகா போகும் மெட்ரோவில் என் எதிரே ஒரு அம்மாளும் ஓர் இளைஞருமாக இரண்டு தமிழ் டாக்டர்கள். மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. தெரியாத கேள்விக்கெல்லாம் ‘சி’ போட்டே பாஸான நான், போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நல்லாப் படிக்கிற பத்து பேரும் தப்பு, படிக்காத பத்து பேரும் சரின்னா, கேள்விதான் ஃபெயில் செந்தில்!” என்றார் அந்த அம்மாள், கோபமாக.

“எந்தக் கேள்வி மேடம்?”

“ஒரு வயசுக் குழந்தைக்கு இருமல்னா எந்த சிரப்? படிச்சவங்க ‘எதுவும் வேண்டாம்’னு போட்டிருக்காங்க. அதான் சரி. நம்ம டிபார்ட்மென்ட் ஹெட் குடுத்த ஆன்சர் கீல பழைய சிரப் இருக்கு. அந்த ஒரு மார்க்ல ஒரு பொண்ணு ஃபெயில். அவளுக்கு ஆறு மாசம் வீண்.”

“அவர்கிட்ட சொன்னீங்களா?”

“நேராவே கேட்டேன். ‘இதை உங்க பேரனுக்குக் குடுப்பீங்களா சார்?’னு.”

“என்ன சொன்னாரு?”

“‘பாகல் ஹோ க்யா? பைத்தியமா உனக்கு? குழந்தைக்கு மூச்சு நின்னுடும்’னாரு.”

“அச்சா! அப்போ மார்க் குடுத்துட்டாரா?”

“‘இருபது வருஷமா கேக்கிற கேள்வி, இன்னிக்கு மாத்தினா எனக்கு என்ன மரியாதை’ன்னு ரிசல்ட்ல கையெழுத்துப் போட்டுட்டாருய்யா அந்த மனுஷன்!”