கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை

"நான் மட்டும் வேகமாச் சாப்பிட்டிருந்தா அந்த ரெண்டு நாடும் சேந்திருக்காது மதினி."

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் சீட்டுப் பெண் இப்படிச் சொன்னாள். கழுத்தில் ஆராய்ச்சிக் கூடத்து அடையாள அட்டை. பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி, மடியில் ஒரு சுரைக்காய். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பயணம் செய்பவர்களுக்கு இதெல்லாம் கிடைக்காது.

"என்னத்தா சொல்ற?"

"புது மாதிரி பேட்டரி ஒண்ணு சேந்து செய்யத்தான் ரெண்டு நாட்டு விஞ்ஞானிகளும் வந்தாக. வந்த எடத்துல, எங்க சோதனை விவரத்த அவுகளுக்குக் காட்ட மாட்டோம்னு ரெண்டு பக்கமும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாக. மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு. வெவரம் தெரியாம சமையக்காரரு அவுகளப் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சுட்டாரு."

"அப்புறம்?"

"சாப்பிட்டதும் எந்திரிக்கப் பாத்தாக. பந்தியில கடைசி ஆளு முடிக்காம எந்திரிக்கிறது மரியாதை இல்லைன்னு அவரு விடல. சும்மா எம்புட்டு நேரம் உக்காந்திருப்பாக? மொதல்ல கொழம்புக் காரத்தப் பத்திப் பேசுனாக. பெறகு பேட்டரி ஏன் சூடாகுதுன்னு பேசுனாக. ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துலதான் இடிக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. சாயங்காலம் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டாக."

"கடைசி ஆளு நீயாக்கும்?"

"ஆமா மதினி. மோரு சோறு மட்டும் மூணு தடவ வாங்குனேன்."

மதினி சுரைக்காயைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஒங்க அண்ணனும் எந்தம்பியும் பொங்கலுக்கு அப்புறம் பேசவே இல்ல. ஞாயித்துக்கெழம ரெண்டு பேருக்கும் இலை போடுறேன். நீ பசியோட வந்துரு."