ஹெல்மெட்டுக்கு நேர்ந்த முடி

அதான் சார், ஊரு ஒலகமே ஏமாந்து கெடக்குது. ஹெல்மெட்டு தலையக் காப்பாத்தும்னு போலீஸ்காரர்லேந்து பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் வரைக்கும் சொல்லிகினு கீறாங்க. முழுத் தப்பு. ஹெல்மெட்டு போட்டா முடி போயிடும். சிரிக்காதீங்க. ஆராய்ச்சி பண்ணிதான் சொல்றேன். ஆராய்ச்சி நடந்ததே என் தலைலதான். தடவிப் பாருங்க. சந்தனம் ஒட்டும், பரவால்ல.

ஆங், இந்தப் பலகைலயே உக்காருங்க. மொட்டை போடற எடம்தான், இன்னா இப்போ? நெழலு கீது, ஃபேன் கீது. கணேஷ்ராம் சாரு மெட்ராஸ்லேந்து இவ்ளோ தூரம் வந்து, மலையேறி, எங்க ஹெல்மெட்டு ஏன் பொய் சொல்லுதுன்னு கேக்கறீங்க. அது பொய் சொல்லல சார். தெரிஞ்சதச் சொல்லுது. தெரிஞ்சது கம்மி, அவ்ளோதான். ஆனா இன்னிக்குள்ள இது ஒரு முடிவுக்கு வரலன்னா, திங்கக்கெழம என் எடத்துல வேற ஆளு சாரம் ஏறிடுவான். என் வேல பூடும்.

மொதல்லேந்து வரேன். அடிவாரத்துல லாட்ஜ் கட்டறாங்களே, அங்க எனக்கு சாரத்து மேல வேல. நீங்க வந்து எல்லாருக்கும் உங்க கம்பெனி ஹெல்மெட்டு குடுத்தீங்க. என் தலைல நீங்களே மாட்டி, வார இழுத்துக் கட்டி, போட்டோ எடுத்துகினீங்க. ஆளு விழுந்து அசையாம கெடந்தா வூட்டுக்கே போன் போவும்னீங்க. நான் எங்க வூட்டுக்காரி அம்சா நம்பரக் குடுத்தேன். எல்லாரும் கை தட்டினோம்.

மறுநாளு டீ குடிக்கப் போவறப்போ கழட்டிக் கம்பில மாட்டிட்டுப் போனேன். காத்துல விழுந்துது. விழுந்த ஹெல்மெட்டு எழுந்து நடக்குமா? அசையாமதான் கெடந்துது. அம்சா அம்மையார்குப்பத்துல விசைத்தறி ஓட்டிகினு இருந்தா. அந்தச் சத்தத்துல போன்ல ஒரு பொம்பள கொரலு, நியூஸ் வாசிக்கற மாதிரி சுத்தத் தமிழ்ல, தீனதயாளன் கீழே விழுந்துவிட்டார், அவரிடம் அசைவில்லைன்னுச்சாம். வேற யாரா இருந்தாலும் எனக்குப் போன் போடுவாங்க. இவ மலை இருக்கிற தெசையப் பாத்துக் கும்புட்டா. தணிகேசா, எங்க பாவாவ உசுரோட குடுத்துடு, அவரு முடிய எடுத்துக்கோன்னா. அப்புறம்தான் எனக்குப் போன் அடிச்சா. நான் வாயில பன்னோட அலோன்றேன், உசுரு வந்துட்ச்சுன்னு அழுவறா.

வாங்கிட்டா குடுக்கணும் இல்ல? மொட்டை.

இங்கதான் உங்க விஞ்ஞானம் சறுக்குச்சு. நீங்க அளவு வெச்சது முடியோட. இப்போ முடி இல்ல, சந்தனம் வேற. குனிஞ்சேன், ஹெல்மெட்டு வழுக்கிகினு மூணாவது மாடிலேந்து பூட்ச்சு. நான் மேல, அது கீழ. அம்சாவுக்குப் போன். இந்த வாட்டி காவடி.

காவடியும் ஹெல்மெட்டோடதான் எடுக்கணும்னுட்டா. ரெண்டு வாட்டி உசுரக் காப்பாத்துன பொருளாம். தோள்ல காவடி, தலைல ஹெல்மெட்டு, பம்பை அடிக்கறான், ஆடறேன். எகிறிக் குதிச்சா, ஆளு விழுந்துட்டான்னு நெனச்சுகிச்சு. மூச்சு வாங்கப் படியில நின்னா, அசைவில்லன்னு முடிவு பண்ணிட்ச்சு. போன் வந்துட்ச்சு. அம்சா எங்க இருந்தா? என் பக்கத்துல, பால் கொடத்தோட. கொடத்த எறக்கி வெச்சிட்டுப் போனக் காதுல வெக்கறா. என்னைப் பாக்கறா. போனக் கேக்கறா. இங்க நின்னுகினு கீறேன் பாரு அம்சான்றேன். நீ சும்மா இரு பாவா, இன்னா சொல்றாங்கன்னு கேக்க வுடுன்றா.

கேட்டுட்டு அங்கயே மூணாவது வேண்டுதல். அது தீராம சாரத்துல கால் வெக்கக் கூடாதுன்னு, நான் வேலைக்குப் போட்டுகினு போற பேன்ட்ட பீரோல வெச்சுப் பூட்டிட்டா.

இன்னா வேண்டுதலா? அவளுக்கும் வேற வழி இல்ல சார். முடி குடுக்கலாம்னா என் தலைல ஒண்ணும் இல்ல. அவ முடிய ஏற்கெனவே பொண்ணோட பன்னெண்டாவது பரிச்சைக்கு நேர்ந்துட்டா. அப்போ அந்த ஹெல்மெட்ட மாட்டி வுட்டவரு ஞாபகம் வந்துருக்குது. போட்டோல பாத்தவதானே. நல்லா நெறைய முடி.

அதனால, இந்த டோக்கன் உங்களுது.

எழுந்துக்காதீங்க, எழுந்துக்காதீங்க. சிக்னல் எங்க தப்பா போச்சுன்னு காட்டத்தான் கூட்டினு வந்தேன். காட்டறேன், மொதல்ல இது ஆவட்டும். அதோ, தூண் பக்கத்துல மஞ்சப் பொடவ, அவதான் அம்சா. காலைலேந்து பச்சத்தண்ணி குடிக்கல. உங்களப் பாத்துக் கும்புடறா பாருங்க. வேணாம்னா நீங்களே போய் அவகிட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வாங்க.

சொல்ல முடியல இல்ல? கல்யாணம் ஆனதுலேந்து என்னாலயும் முடியல.

அண்ணே, சாருக்குத் தண்ணி தடவு. குனிங்க சார். கண்ண மூடிக்குங்க. பாருங்க, பேசிகினு இருக்கும்போதே பாதி பூட்ச்சு.

இன்னா சார் உங்க கைல பீப்பீப்னுது? ஓ, உங்க கம்பெனியே உங்களுக்கும் பட்டை கட்டி வுட்டுகீதா? நெஞ்சு அடிச்சுகினா தெரிஞ்சுடுமா? தெரிஞ்சா யாருக்குச் சொல்லும்? ஆங், உங்க போன் அடிக்குது. அம்மான்னு வருது. உங்க கை ஈரம், இருங்க, நானே எடுக்கறேன். அலோ, வணக்கம்மா. ஐயோ, அழுவாதீங்கம்மா, சாரு இங்கதான் கீறாரு. நல்லாதான் கீறாரு. ஆங். ஆங். சரிம்மா, சொல்லிடறேன்.

அண்ணே, கத்திய நிறுத்து. சாரு முடிய இப்பதான் அவங்கம்மா திருப்பதிக்கு வேண்டிக்கினாங்களாம்.