டை காயற வரைக்கும்

தலைய ஆட்டாதீங்க அண்ணி. நெத்தியில வழிஞ்சா தேய்ச்சாலும் போகாது. ம்... இப்பச் சொல்லுங்க. என்னமோ சொன்னீங்களே, அத இன்னொரு தடவ சொல்லுங்க. யாரு பெத்த கொழந்தையோன்னு. ஏன், வாய் வரலயா? கண்ணாடியில என் மூஞ்சியப் பாத்தே சொல்லுங்க. தம்பி பொண்டாட்டிகிட்டதான, என்ன கூச்சம்?

எங்க எந்திரிக்கறீங்க? பாதித் தலைதான் ஆயிருக்கு. இப்படியே தெருவுல எறங்குனா ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. கழுத்துல துணி வேற. போறதுன்னா போங்க, நான் கையப் புடிச்சா இழுக்கறேன்? அதான... ஒக்காருங்க. கொஞ்சம் மெதுவாவும் பேசுங்க. பின் ரூம்ல பாப்பா தூங்கறா. அந்தக் கதவு சரியா சாத்தாது, இங்க பேசறது பூரா அங்க கேக்கும்.

உங்க தம்பியச் சொல்லணும். அந்த மனுஷன் வாயில ஒண்ணு தங்குமா? நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்னு நானும் அவரும் பேசி வெச்சிருந்தோம். என் அக்காதானன்னு உங்ககிட்டப் போய் ஒளறிட்டு, வீட்டுக்கு வந்து திருடன் மாதிரி முழிக்கறாரு. நீங்க சும்மா இருந்தீங்களா? அன்னிக்கே உங்க அம்மாவுக்கு போனப் போட்டாச்சு. வேற எவளோட கருமுட்டையவோ வாங்கிப் பெத்த புள்ளையாம், நம்ம வம்சத்துல எப்படி சேக்கறதாம். போன ஞாயித்துக்கிழம உங்க வீட்டுல பாப்பா அத்தேன்னு ஓடி வந்து கையப் புடிச்சா. நீங்க இழுத்துக்கிட்டீங்க. ஆமா, இழுத்துக்கிட்டீங்க, நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். கொழந்த தன் கையத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு, அழுக்கா இருக்கோன்னு. அங்கயே கேட்டிருப்பேன். கொழந்த முன்னாடி வேண்டாம்னு பல்லக் கடிச்சிக்கிட்டு வந்தேன்.

ஜாடையே இல்லையா? அடப் பாவமே. போன மாசம் வரைக்கும் என்ன பேச்சு பேசுனீங்க? அம்மாவ அப்படியே உரிச்சு வெச்சிருக்கு, அதே திமிரு, அதே வாயி, நாளைக்கு இது யாரையும் மதிக்காதுன்னு தலைல அடிச்சிக்கிட்டீங்க. விஷயம் தெரிஞ்ச ஒடனே ஜாடை போயிடுச்சா? ஒரு மாசத்துல கொழந்த மூஞ்சி மாறிடுச்சா, இல்ல உங்க கண்ணு மாறிடுச்சா?

ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. கோச்சுக்கிட்டாலும் பரவால்ல. இந்தக் கறுப்பு யாருது? உங்களுதா? இந்த டப்பாவுல வந்தது. இத்தன வருஷமா மாசா மாசம் இந்த நாற்காலியில ஒக்காந்து எழுந்து போறீங்க. எங்க குடும்பத்துக்கே நரைக்காதுன்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்லும்போது நான் பக்கத்துலயே நின்னு தலையாட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. யார்கிட்டயாவது வாயத் தொறந்திருப்பேனா?

முடியும் கொழந்தயும் ஒண்ணான்னா கேக்கறீங்க? ஒண்ணில்லதான். முடிக்கே இவ்வளவு மூடி மறைக்கறீங்களே, கொழந்தைக்கு நான் எவ்வளவு மறைக்கணும்னு யோசிச்சீங்களா?

தெரியாமத்தான் கேக்கறீங்கன்னா கேட்டுக்குங்க. எனக்கு முப்பது வயசு முடியறதுக்குள்ள மாசாமாசம் வர்றது நின்னு போச்சு. ராத்திரி பகல்னு இல்லாம ஒடம்பு பூரா தீ மாதிரி எரியும். டாக்டரம்மா ஸ்கேனப் பாத்துட்டுச் சொன்னாங்க, கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா, முட்டைதான் தீந்து போச்சுன்னு. சில பேருக்கு அப்படித்தான் சீக்கிரமே தீந்துடுமாம். நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணலன்னாங்க. அத அவங்க ஒருத்தர்தான் சொன்னாங்க அண்ணி. உங்க வீட்டுல யாரும் சொல்லல. நீங்க உங்க தம்பிக்கு வேற பொண்ணு பாத்தீங்க. தெரியாதுன்னு நெனச்சீங்களா? அந்தப் பொண்ணோட சித்தி என்கிட்டத்தான் முடி வெட்டிக்கறா.

அந்த ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒக்காந்து பாத்திருக்கணும் நீங்க. எனக்குப் பக்கத்துல ஒரு டீச்சர், புத்துநோய்க்கு மருந்து ஏத்தி ஏத்திப் பொழச்சு வந்தவ. உசிரு மிஞ்சுச்சு, முட்டை மிஞ்சல. தலைமுடி அப்பத்தான் குட்டைகுட்டையா வளந்திருந்துச்சு, வளந்ததும் வெட்டி விடறேன் வான்னு சொல்லிட்டு வந்தேன். இன்னொரு அம்மா, அவங்க குடும்பத்துல ஏதோ வியாதியாம், அவங்க ரத்தத்துலயே வருதாம். மொதக் கொழந்தயப் பறிகொடுத்துட்டாங்க. இன்னொண்ணையும் பெத்து மண்ணுல வெக்கச் சொல்றீங்களா? தங்கச்சிங்களக் கரையேத்திட்டு லேட்டா கட்டிக்கிட்டவங்க எத்தன பேரு. யாரும் அங்க ஆசைக்கோ பொழுது போகாமயோ வரல. எல்லாரும் வேற கதவெல்லாம் தட்டிப் பாத்துட்டுத்தான் வந்தாங்க.

தத்து எடுத்திருக்கலாமா? எடுத்திருந்தா மட்டும் மடியில தூக்கி வெச்சிக்கிட்டிருப்பீங்க, போங்கண்ணி.

இல்ல, கேளுங்க. மொகம் தெரியாத ஒருத்தி, தெனம் ஊசி போட்டுக்கிட்டு, மயக்க மருந்து ஏத்திக்கிட்டு, தன் முட்டைய எடுத்து எனக்குத் தந்தா. உங்க தம்பியோடதும் அதுவும் சேந்து என் வயித்துல வளந்துச்சு. உங்க வம்சம் வம்சம்னு குதிக்கறீங்களே, அதுல உங்க ரத்தம் இருக்கு அண்ணி. என் ரத்தம்தான் இல்ல. நியாயமா அழ வேண்டியவ நான். அழுதேன், எல்லாம் அழுது முடிச்சேன். பாப்பா என் வயித்துல மொதல்ல ஒதைச்ச அன்னிக்கு இந்த நாற்காலியிலதான் ஒருத்திக்குச் சீவிக்கிட்டிருந்தேன். சீப்பக் கீழ போட்டுட்டுச் சிரிச்சேன். அப்பறம் எதுக்கும் அழல.

காது பக்கம் திரும்புங்க. இங்க வெள்ளை நிக்குது.

என்ன சத்தம்? ஒண்ணுமில்ல, பாப்பாவுக்குச் சளி, மூக்க உறிஞ்சுவா. பெரியவங்க சத்தம் மாதிரி இருக்கா? இருக்கட்டும். நீங்க பேசுங்க.

ஓ, உங்க பொண்ணா? உங்க பொண்ணுக்கு அந்தக் கதி வராதுங்கறீங்க. நல்லது. உங்க ஒடம்பு வாகு, நெனச்சா பெத்துக்குவா, வேலைன்னு தள்ளிப் போடறா. சரி. கல்யாணமாகி நாலு வருஷமாத் தள்ளிப் போடறா. நான் ஒண்ணும் சொல்லல. முட்டை வாங்கிப் பெத்துக்கறதுக்கு மலடியாவே இருக்கலாமா? அண்ணி! இந்த ஒரு வார்த்தைய மட்டும் சொல்லாம இருந்திருக்கலாம். போச்சு. வாயில வர்றத எல்லாம் கொட்டிட்டு, கொட்டினது யாரு மேல விழுதுன்னு பாக்கறதே கெடையாது நீங்க.

என் மேல விழுந்தா பரவால்ல, எனக்குத் தோலு தடிச்சுப் போச்சு.

இருங்க, கழுத்துல ஒழுகுது. தொடைச்சு விடறேன். டை காய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. அந்த நேரத்துக்கு ஒரு கணக்குப் போட்டிருந்தோம், அத நீங்க கெடுத்துட்டீங்க. யாருன்னா, நானும் உங்க பொண்ணும்தான். அவதான் சொன்னா, அம்மாகிட்டச் சொல்ல ஆரம்பிச்சாலே எழுந்து போயிடறாங்க அத்தை, தலையில டை வெச்சிட்டீங்கன்னா எங்கயும் போக முடியாது, அப்ப நான் வந்து சொல்லிடறேன்னு. சின்னப் புள்ளத்தனமா இருக்குன்னு நெனச்சேன். உங்களுக்கு அதுதான் சரின்னு ஒத்துக்கிட்டேன்.

எதச் சொல்லவா? எனக்கு வந்ததேதான். வயசுகூட அதே வயசு. போன வருஷமே தெரியும். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், ஒரு வார்த்த சொல்லல. ரெண்டு பேரும் நான் பாத்த டாக்டரம்மாவத்தான் பாக்கறாங்க, ஒரு பொண்ணு முட்டை குடுக்கறதுக்குச் சம்மதிச்சாச்சு. எல்லாம் முடிவாயிடுச்சு. அம்மா மட்டும் ஒரு தடவ சரின்னு சொல்லிட்டா போதும் அத்தைன்னு காலையில இங்க வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு நின்னா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே பின் வாசல் வழியா வந்துட்டா. பாப்பாவ மடியில போட்டுத் தூங்க வெச்சிட்டு, நான் கூப்பிடட்டும்னு அந்தப் பின் ரூம்லதான் ஒக்காந்திருக்கா. நான் கூப்பிடறதுக்குள்ள நீங்க ஆரம்பிச்சிட்டீங்க.

இப்ப எதுக்கு அழறீங்க? கண்ணுல டை எறங்கப் போவுது. இந்தாங்க துண்டு. கழுவ வேண்டிய நேரம் ஆயிடுச்சு, அது கெடக்கட்டும், இன்னும் கொஞ்சம் கறுத்தா ஒண்ணும் ஆகாது. எந்திரிச்சுப் போங்க. கதவத் தட்ட வேண்டாம். அது சாத்தாதுன்னு அப்பவே சொன்னேன்ல.